பினாங்கில் எங்கே சாப்பிடுவது என்று கேட்காதீர்கள், எப்போது என்று கேளுங்கள்

வணக்கம். பட்டர்வொர்த் படகுத்துறையில் நின்று பேசுகிறேன். காற்று பலமாக அடிக்கிறது, குரல் கொஞ்சம் முன்னே பின்னே கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எதிரே தெரிகிறதே, அதுதான் மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுன் நகரம். நான் பிறந்தது இந்தக் கரை. ஆனால் எங்கள் வீட்டில் நல்ல சாப்பாடு என்றால் அந்தக் கரைதான். அப்பா சம்பளம் வாங்கிய மறுநாள் எங்களைப் படகில் ஏற்றி அங்கே கூட்டிப்போவார்.

மதுரையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார்: "அண்ணா, குடும்பத்தோடு மூன்று நாள் பினாங்கு வருகிறோம். அப்பா எல்லாம் சாப்பிடுவார், அம்மா சைவம். நல்ல உணவகமாக நாலைந்து பெயர் சொல்லுங்கள்." தங்கச்சி, உனக்காகத்தான் இந்தப் பதிவு. பெயர்கள் சொல்கிறேன். ஆனால் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்தால் பாதி ருசியைத் தவறவிட்டுவிடுவாய். இந்த ஊரில் ஒவ்வொரு உணவுக்கும் ஒரு வேளை உண்டு. காலையில் ஒரு தெருமுனையில் நிற்கும் வண்டி, வெயில் ஏறும்போது அங்கே இருக்காது. அதே இடத்தில் சாயங்காலம் வேறொருவர் வேறொன்றை விற்றுக்கொண்டிருப்பார்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஈப்போவிலிருந்து அத்தை மகன் முதல் தடவையாக வந்தபோது, பேர்பெற்ற ஒரு கடைக்குப் பிற்பகல் மூன்றரை மணிக்கு அழைத்துப் போனேன். சட்டியின் அடியில் இருந்ததைச் சுரண்டித்தான் போட்டார்கள். சோறு காய்ந்திருந்தது, குழம்பு உப்பேறியிருந்தது. "இதற்கா இத்தனை தூரம் கூட்டிவந்தாய்?" என்று அவன் கேட்கவில்லை. முகம் கேட்டது. கடையின் பெயர் வேண்டாம். அதே கடையில் பதினொன்றரைக்குப் போயிருந்தால் அவன் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான்.

சரி, கரை சேர்ந்துவிட்டோம். இப்போது ஜாலான் டிரான்ஸ்ஃபர் சாலையோரத்தில் இருக்கிறேன். மலேசியத் தமிழில் காலை உணவை 'பசியாறுதல்' என்போம். ஒருவரைக் காலையில் பார்த்தால் முதல் கேள்வியே "பசியாறிவிட்டீர்களா?" என்பதுதான். இங்கே பசியாற ரொட்டி சானாய். நம் பரோட்டாவின் உறவுக்காரன்தான், ஆனால் மாவு இளக்கம். காற்றில் வீசி வீசிக் கைக்குட்டைபோல் மெல்லியதாக்கி மடித்துக் கல்லில் போடுவார்கள். வந்ததும் மேலே குழம்பை ஊற்றச் சொல்லுங்கள், தனிக் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொள்ள வேண்டாம். அடிப்பக்கம் குழம்பில் ஊறி, மேற்பக்கம் மொறுமொறுவென்று இருக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடம்தான் அதன் உயிர்.

அம்மாவுக்கும் குழந்தைகளுக்கும் காரம் வேண்டாமென்றால் கேம்பல் தெருவை ஒட்டிய சந்தில் தோ சூன் காப்பிக்கடை இருக்கிறது. உலோகப் பீப்பாய்க்குள் கரி மூட்டி அதில் ரொட்டி வாட்டுகிறார்கள். அதில் தடவும் காயா என்பது தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய இனிப்பு. முட்டை சாப்பிடாதவர்கள் வெண்ணெய் மட்டும் தடவித் தரச் சொல்லலாம்.

இப்போது மணி பதினொன்று. நாசி கண்டாருக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் காலையிலிருந்து காத்திருக்கிறேன்.

நாசி என்றால் மலாயில் சோறு. கண்டார் என்றால் தோளில் தண்டு வைத்துச் சுமப்பது, நம் காவடிபோல. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஒரு பக்கக் கூடையில் சோறும் மறுபக்கக் கூடையில் குழம்புமாகச் சுமந்து, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றிய குடும்பங்கள் நிறைய. மலேசியா முழுக்க இந்த வகைக் கடைகளை 'மாமாக்' கடை என்கிறார்களே, அந்தச் சொல்லும் நம் 'மாமா'வில் இருந்து வந்ததுதான். இங்குள்ள ஹமீதியா 1907-இல் தொடங்கியது, நாசி கண்டார் உணவகங்களில் மிகப் பழையது. பினாங்கு சாலையை ஒட்டிய லைன் கிளியர் இன்னொன்று. ஜாலான் குருத்வாராவில் டீன் மாஜு. வரிசை நீளமாக இருக்கும், நில்லுங்கள்.

கேமராவைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோகிறேன். பரிமாறுகிறவரின் கையை மட்டும் பாருங்கள். இடது கையில் தட்டு. சோற்றை அள்ளி வைத்ததும் கரண்டியின் முதுகால் ஒரு தட்டு தட்டி நடுவில் குழி செய்கிறார். வெண்டைக்காய் இரண்டு, பொரித்த கோழித் தொடை ஒன்று. இனிமேல்தான் வித்தை. கோழிக் குழம்பிலிருந்து அரைக் கரண்டி, மீன் குழம்பிலிருந்து ஒரு வளையம், கடைசியாக அந்தக் கறுத்த கெட்டி இறைச்சிக் குழம்பிலிருந்து ஒரு சொட்டுப்போல. கரண்டி ஒரு சட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடுவில் நிற்பதே இல்லை. இதற்குப் பெயர் 'குவா சம்போர்', கலவைக் குழம்பு. ஒவ்வொன்றும் தனியாக நம் வீட்டுக் குழம்புபோலத்தான் இருக்கும். மூன்றும் சேர்ந்து சோற்றில் இறங்கும்போது வரும் ருசி வேறெங்கும் கிடையாது. நிறைய வேண்டுமென்றால் 'பஞ்சிர்' என்று சொல்லுங்கள். வெள்ளம் என்று பொருள், அப்படியே ஊற்றிவிடுவார்கள்.

நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் இங்கே செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒரே குழம்பைக் கேட்டு, மற்றதெல்லாம் வேண்டாம் என்று தட்டை ஒதுக்கி ஒதுக்கி வாங்குவார்கள். தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள். "அண்ணே, நீங்களே பார்த்து ஊற்றுங்கள்" என்று விட்டுவிடுங்கள். அந்தக் கைக்குத் தெரியும்.

விலையும் சொல்லிவிடுகிறேன். ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம். கோழி, முட்டை, ஒரு காய் என்றால் ஏறக்குறைய 15 வெள்ளிக்குள் முடியும். பெரிய இறால், மீன் தலை, மீன் சினை ஆகியவற்றின் விலை பலகையில் இருக்காது. தட்டில் வைக்கும் முன்பே "அண்ணே, இது எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கேட்காமல் வாங்கிவிட்டுக் கல்லாவில் திகைப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

சாப்பிட்டுவிட்டு நடங்கள். பினாங்கு சாலையிலிருந்து பிரியும் சின்னத் தெரு, லெபோ கெங் குவீ. அங்கே தியோச்சூ செண்டோல் கடை, 1936-இலிருந்து இருக்கிறது. துருவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பாண்டான் இலைச்சாறு சேர்த்த பச்சை இழைகள், சிவப்பு அவரை விதை, மேலே பனை வெல்லப் பாகு. கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றே சாப்பிட வேண்டும். பகல் இரண்டு மணி வெயிலில்தான் அதற்கு அர்த்தம். பக்கத்திலேயே சௌரஸ்தா சந்தை. ஜாதிக்காயை உப்பிலும் சர்க்கரையிலும் ஊறவைத்து விற்கிறார்கள். நம் ஊரில் கொட்டையைத்தான் பார்த்திருப்போம். சதைப்பற்றை இங்கே தின்னலாம், வீட்டுக்கும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிற்பகலுக்கு லக்சா, புளிப்பான மீன் சாற்றில் நூடுல்ஸ். 204-ஆம் எண் பஸ் பிடித்து ஆயிர் ஈத்தாம் வந்துவிட்டேன். பின்னால் மலைச்சரிவில் தெரிவது கெக் லோக் சி கோயில். சந்தைப் பக்கத்துக் கடைகளில் இதோ கொதித்துக்கொண்டிருக்கிறது. இது நம் அயிலை மீன்தான், கானாங்கெளுத்தி என்றும் சொல்வீர்கள். வேகவைத்து, முள் எடுத்து, உதிர்த்துப் புளிக் கொதியில் போடுகிறார்கள். புளி நம் புளி மட்டுமல்ல. குடம்புளி இனத்தைச் சேர்ந்த ஒரு காயின் காய்ந்த வில்லையும் சேரும். ஆச்சி என்ன செய்கிறார் பாருங்கள்: கிண்ணத்தில் தடித்த அரிசி நூடுல்ஸைப் போட்டுக் கொதிக்கும் சாற்றை ஊற்றுகிறார், வடித்துத் திரும்பச் சட்டியிலேயே விடுகிறார். மறுபடியும் ஊற்றுகிறார், வடிக்கிறார். மூன்றாவது தடவை ஊற்றுவதுதான் நமக்கு. நூடுல்ஸின் உள்வரை சூடு ஏறவேண்டும் என்பதற்காக இப்படி. மேலே வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, கந்தான் என்ற ஒருவகை இஞ்சிப் பூவின் மொட்டு நறுக்கியது. கரண்டியில் தனியாக ஒரு கறுப்புப் பாகு வருகிறது. அது இறால் விழுது. மணம் கடுமையாக இருக்கும். முதல் வாய் அது இல்லாமல், இரண்டாவது வாய் அதைக் கரைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

தங்கச்சி, மீன் குழம்புக்குப் பழகிய உன் அப்பாவுக்கு இந்த ஊரில் முதலில் பிடிக்கப்போவது இதுதான் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு வருகிறேன். லிட்டில் இந்தியாவில், குயீன் தெரு மகா மாரியம்மன் கோயிலைச் சுற்றிச் சைவ உணவகங்கள் உண்டு, இட்லி தோசைக்குக் கவலையில்லை. ஆனால் இவ்வளவு தூரம் வந்து இட்லியோடு நிறுத்திவிட வேண்டாம். பூலாவ் திக்குஸ் பக்கம், பர்மா சாலையில், சீன வியாபாரிகள் 'அப்போம்' சுடுகிறார்கள். பெயரைக் கேட்டாலே தெரிகிறதல்லவா, நம் ஆப்பம்தான். வாழைப்பழமும் சோளமும் வைத்து மடித்துத் தருவார்கள். மாவில் முட்டை உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம், ஏறக்குறைய புரட்டாசி ஐப்பசியில், ஒன்பது பேரரசர் விழாவுக்காகச் சீனர்கள் பலர் சைவம் இருப்பார்கள். அந்த நாட்களில் கடைகளில் மஞ்சள் கொடி பறக்கும். கொடி இருந்தால் சைவம். அப்போது வந்தால் அம்மா கொய்த்தியா என்ற தட்டை அரிசி நூடுல்ஸும் சாப்பிடலாம், கறி மீ என்ற குழம்பு நூடுல்ஸும் சாப்பிடலாம்.

தைப்பூசத்துக்கு வர முடிந்தால் இன்னும் நல்லது. வெள்ளி ரதம் ஊருக்குள்ளிருந்து தண்ணீர்மலைக்குப் போகும். வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல். சீனர்கள் நமக்குச் சரிசமமாகத் தேங்காய் உடைப்பார்கள், தெருவே வெள்ளையாகிவிடும். பந்தலில் மோரும் சோறும் எல்லோருக்கும் இலவசம். நான் சின்ன வயதில் வாங்கிக் குடித்த மோரின் குளிர்ச்சி இன்னும் தொண்டையில் இருக்கிறது.

உட்கார்ந்து நிதானமாக ஒரு வேளை சாப்பிட வேண்டுமென்றால் பிஷப் தெருவில் ஆன்ட்டி கேய்க் லீன் உணவகம். சீனமும் மலாயும் கலந்த பெரனாக்கான் சமையல். 2022 டிசம்பரில் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் முதல்முறையாக, உணவகங்களுக்கு நட்சத்திரம் தந்து தரம் சொல்லும் மிஷெலின் பட்டியல் வெளியானபோது நட்சத்திரம் பெற்றது. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

இருட்டிவிட்டது. கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் பக்கத்தில் பசெம்பூர் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வெள்ளரியும் பொரித்த இறால் வடையும் நறுக்கி, சர்க்கரைவள்ளிக்கிழங்குச் சாறு ஊற்றித் தருவது. அதுவும் நம் தமிழ் முஸ்லிம்களின் கைவேலைதான். இப்போது சார் கொய்த்தியாவுக்காக உட்கார்ந்திருக்கிறேன். தட்டையான அரிசி நூடுல்ஸ், இறால், மட்டிச் சதை, முட்டை, முளைப்பயறு. பல கடைகளில் பன்றிக் கொழுப்பும் சேரும். வேண்டாதவர்கள் முஸ்லிம் கடைகளில் கேட்டு வாங்கலாம். அடுப்பில் கரி. ஒரு நேரத்தில் ஒரு தட்டுக்கு மட்டும்தான் வறுக்கிறார், அதனால்தான் இத்தனை நேரம். பத்துப் பேருக்குச் சேர்த்து வறுத்தால் சட்டியின் சூடு இறங்கிப்போகும், அந்தப் புகை மணம் வராது.

2016 முதல் இங்குள்ள தெருக்கடைகளில் உள்ளூர் உணவை வெளிநாட்டவர் முதன்மைச் சமையல்காரராக நின்று சமைக்கக் கூடாது என்று பினாங்கு மாநில அரசு விதி வைத்திருக்கிறது. ருசி கெடக்கூடாது என்ற அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் முழு மனதோடு ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாசி கண்டாரைத் தோளில் சுமந்து வந்தவரும் கப்பலில் வந்தவர்தானே? பொறுமையாகக் கற்றுக்கொடுக்க ஒரு பெரியவரும், அடுப்படியில் பத்து வருடம் நிற்க ஒரு இளைஞனும் கிடைத்தால் போதும் என்று நினைக்கிறேன். அவன் எந்த ஊர் என்பது எனக்கு இரண்டாவது கேள்வி.

தட்டு வந்துவிட்டது. ஆவி தெரிகிறதா? இது ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். கேமராவை வைக்கிறேன்.