கால்வாய் விளிம்பில் ஓர் ஆட்டுக்குட்டி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுக் கால்வாய் ஓடுகிறது. போன வாரம் அதன் விளிம்பில் ஓர் ஆட்டுக்குட்டி ஏறி நின்றது. நான்கு கால்களும் ஒருசேரக் கிளம்ப ஒரு துள்ளல்; காற்றிலேயே உடலை முறுக்கித் திரும்பியது. இறங்கும்போது கால் வழுக்கிப் புல்லில் உருண்டது. எழுந்து, மறுபடியும் அதே விளிம்புக்கே போனது. செம்பனை நிழலில் மேய்ந்த தாய் ஆடு தலை நிமிரவே இல்லை.

பால் குடித்த தெம்பையெல்லாம் அந்தக் குட்டி ஏன் இப்படிச் செலவழிக்கிறது?

ஜெர்மானிய அறிஞர் கார்ல் குரூஸ் 1896இல் விலங்குகளின் விளையாட்டைப் பற்றி ஒரு நூலே எழுதினார். வேட்டைக்கும் சண்டைக்கும் இளமையில் நடக்கும் ஒத்திகை என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆப்பிரிக்காவின் கலஹாரியில் வாழும் மீர்கேட் என்ற கீரியினத்தை விலங்கு ஆய்வாளர் லிண்டா ஷார்ப் ஆராய்ந்தபோது, சிறுவயதில் அதிகம் மல்லுக்கட்டியவை வளர்ந்தபின் சண்டையில் அதிகம் வென்றுவிடவில்லை. அங்கே ஒத்திகைக் கணக்கு உதைக்கிறது.

எனக்குப் பொருத்தமாகப் படுவது, 2001இல் ஸ்பிங்கா, நியூபெரி, பெகாஃப் என்ற விலங்கு ஆய்வாளர்கள் மூவரும் முன்வைத்த கருத்து. விளையாடும் விலங்கு வேண்டுமென்றே தன்னைத் தடுமாற விடுகிறது. தடுமாறியபின் நிதானத்துக்கு வரப் பழகுகிறது. கால்வாய் விளிம்பில் நான் பார்த்தது அதுவேதான்.

நாய்களைப் பாருங்கள். முன்னங்கால்களை மண்ணில் படியவைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டும். 'இனி நான் கடிப்பதெல்லாம் விளையாட்டுக்கு' என்ற அறிவிப்பு அது. பெரிய நாய் சின்னதன் முன்னால் தானே மல்லாந்து கொடுக்கும். கடி அழுந்திவிட்டால் கூட்டாளி வீலென்று கத்தி விலகிவிடும், ஆட்டம் நின்றுபோகும். பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டி அங்கேதான் கற்கிறது.

கண் திறந்து இரண்டே வாரமான நாய்க்குட்டியை ஒருமுறை நான் தூக்கி வந்தேன். வளர்ந்தபின் அது ஆசையாக விளையாடப் போய் என் பேரனின் கையைக் கிழித்துவிட்டது. தவறு என்னுடையது. குட்டி எடுக்க நினைப்பவர்கள் எட்டு வாரமாவது அதைத் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் விட்டுவையுங்கள். எடுத்து வந்தபின், வேலியடைத்த வாசலில் காலையும் மாலையும் சங்கிலியை அவிழ்த்து விடுங்கள்.

நன்றி, வணக்கம்.