சைரன் அலறியது ஸ்டுடியோவில்!

நடுவர் அய்யா, காரைக்குடிப் பெருமக்களே, வணக்கம்.

ராணுவச் செய்தியில் ஊடகம் செய்வது சேவையா, சார்பா? சார்புதான். அதைப் பிறகு பார்ப்போம். எதிரணி அண்ணன் போகிற போக்கில் ஒன்று சொன்னார் பாருங்கள்: "சார்பு சார்பு என்கிறவர்கள் ஒருநாள் எல்லையில் போய் நிற்கட்டும்." கைதட்டலும் வாங்கிவிட்டார்! விடலாமா?

அண்ணே, இந்தியா-பாகிஸ்தான் மோதல் நடந்த 2025 மே 8 ராத்திரி உங்கள் டிவிக்காரர் எங்கே நின்றார்? ஏசிக்குக் கீழே! அங்கிருந்தே கராச்சித் துறைமுகத்தை அழித்தார். இன்னொருவர் இஸ்லாமாபாத்தையே பிடித்துவிட்டார். விடிந்து பார்த்தால் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

பேசியதோடு விட்டார்களா? பின்னணியில் விமானத் தாக்குதல் சைரன்! கானாடுகாத்தானில் ஓர் அப்பத்தா வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு, "எங்கேடா தீப்பிடிச்சது?" என்று வாசலுக்கு ஓடுகிறார். மறுநாளும் சைரன். நடை மட்டும் கொஞ்சம் வேகம். மூன்றாம் நாள்? "டிவிதான்டா, சத்தத்தைக் குறை!"

சிரிக்கிறீர்கள். மே 10 அன்று அரசே சேனல்களுக்கு இதைத்தான் எழுதியது: நிகழ்ச்சிகளில் சைரன் ஒலியைப் போடாதீர்கள், காது பழகிவிட்டால் நிஜச் சைரனையும் மக்கள் சட்டை செய்யமாட்டார்கள் என்று. எல்லையோர அமிர்தசரஸில் ஓர் அப்பத்தா "சத்தத்தைக் குறை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆவது?

சரி, கணக்குக்கு வருவோம். 2019 பிப்ரவரி 26, பாகிஸ்தானின் பாலாகோட்டில் நம் விமானப்படைத் தாக்குதல். வெளியுறவுச் செயலர் வாசித்த அறிக்கையில் இறந்தவர் எண்ணிக்கை கிடையாது; ஏராளமானோர் என்பதோடு சரி. சேனல்களில் மட்டும் 300, 350! எண்ணியது யார்? 'வட்டாரங்கள்'. பெயருமில்லை, பதவியுமில்லை. நம் ஊர்ப் பெட்டியடிப் பையன்கூட ஆள் பெயரில்லாமல் பேரேட்டில் ஒரு வரி எழுதமாட்டான்.

மறுநாளே காஷ்மீரின் பட்காமில் நம் எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்தது. விமானப்படையினர் ஆறு பேர், உள்ளூர்க்காரர் ஒருவர், போய்விட்டார்கள். வீழ்த்தியது நம் ஏவுகணையேதான். அக்டோபர் 4 அன்று விமானப்படைத் தளபதி பதௌரியா அது பெரிய தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இடைப்பட்ட ஏழு மாதத்தில் ஓரிரு பத்திரிகைகள் தோண்டி எழுதின, அதை நான் மறுக்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேசையைத் தட்டித் தேசபக்தி பேசியவர்கள் அந்த ஆறு வீட்டுக்காக எத்தனை நாள் தட்டினார்கள்? பெற்ற பிள்ளை யார் குண்டில் போனான் என்று தாய் கேட்டால், அது தேசத்துரோகமா அண்ணே?

சிவகங்கைச் சீமையில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய தாய்மார் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அய்யா. வணக்கம்.