போடப்படாத வாக்குகளின் கணக்கு: 2005 ஜனாதிபதித் தேர்தலும் யாழ்ப்பாணமும்

[திரை: வெறும் இலக்கம் மட்டும். 1.21%]

2005 நவம்பர் 17. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அன்று பதிவான வாக்கு வீதம் இது. வாக்காளர் இடாப்பில் இருந்தவர்கள் 701,938 பேர். வாக்களித்தவர்கள் 8,524 பேர். கிளிநொச்சித் தொகுதியில் ஒரேயொரு வாக்கு. விடுதலைப் புலிகளின் அறிவிப்புக்குப் பிறகு மிச்சச் சனம் வாக்குப் போடவில்லை.

இருபது வருசம் தாண்டியும் இந்த இலக்கத்தைச் சொன்னால் தேத்தண்ணிக் கடையில் குரல் உயரும். "சனத்தை வாக்குப்போட விட்டிருந்தால் ரணில் வந்திருப்பார், கடைசி யுத்தமே வந்திராது" என்பார் ஒருவர். "இயக்கத்தை (புலிகளை) உடைச்ச ஆளுக்கு ஏன் போடவேணும்?" என்பார் மற்றவர். இரண்டு பேருக்கும் சொந்த இழப்புகள் இருக்கின்றன. அதைப் பற்றி நாங்கள் வாதாடப் போவதில்லை. ஆனால் இரண்டு பேருமே ஒரு கணக்கின் மேல் நின்றுதான் கதைக்கிறார்கள். அந்தக் கணக்கை ஒருதரம் முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

[திரை: நாடு முழுவதற்குமான முடிவு]

மகிந்த ராஜபக்ச 4,887,152. ரணில் விக்கிரமசிங்க 4,706,366. வித்தியாசம் 180,786. செல்லுபடியான மொத்த வாக்குகள் 9,717,039.

இலங்கையில் முதல் எண்ணிக்கையிலேயே ஜனாதிபதியாக வருவதற்கு முதலிடம் மட்டும் போதாது, செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். மகிந்தவுக்குக் கிடைத்தது 50.29 வீதம். இன்னும் 57,265 பேர் வந்து அவர் அல்லாத யாருக்காவது போட்டிருந்தால் அவர் பாதிக்கு மேல் போயிருக்க முடியாது. எங்களுடைய ஊர்களில் அடிக்கடி கேட்கிற "ஒரு அறுபதினாயிரம் வாக்கு இருந்திருந்தால்" என்ற கதையின் வேர் இதுதான்.

கதை பிழையாவதும் இந்த இடத்தில்தான். பாதி கிடைக்காவிட்டால் தேர்தல் ரத்தாகாது, இரண்டாம் கட்ட எண்ணிக்கை வரும். முதல் இருவரையும் தவிர மற்ற எல்லோரும் விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவர்களுடைய வாக்குச்சீட்டில் 2 ஆம், 3 ஆம் விருப்பு முதல் இருவரில் ஒருவருக்கு இருந்தால் அது அவருடைய கணக்கில் சேரும். 2005 இல் மற்ற எல்லா வேட்பாளர்களும் சேர்ந்து எடுத்தது 123,521 வாக்குகள்தான். அந்த 57,265 உம் ரணிலுக்கே விழுந்து, இந்த வாக்குகளும் ஒன்று விடாமல் அவருக்கே போயிருந்தால்கூட 180,786 என்ற இடைவெளி மட்டுமட்டாகச் சமப்படும், அவர் முந்தமாட்டார். பார்க்க வேண்டிய இலக்கம் 57,265 அல்ல, அந்த இடைவெளி.

அதை யாழ்ப்பாணம் தனியாக நிரப்பியிருக்குமா? அன்று இங்கே வாக்களித்த சிலரில் ரணிலுக்கு 70 வீதம், மகிந்தவுக்கு 25 வீதம். நூறு பேர் கூடப் போட்டால் ரணிலுக்கு நிகர இலாபம் 45. அந்த விகிதத்தில் 180,786 ஐ எட்ட ஏறத்தாழ 402,000 செல்லுபடியான வாக்குகள் வேண்டும். இடாப்பில் 57 வீதம். யுத்தம் முடிந்த பிறகு நடந்த 2010 தேர்தலில்கூட யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்கள் 25.66 வீதம் மட்டுமே.

[திரை: இடாப்பில் யாழ். மாவட்டம் – 2010: 721,359 / 2015: 529,239]

இதையும் பாருங்கள். ஐந்து வருசத்துக்குள் இடாப்பு 192,000 பேரால் சுருங்கியது. இடம்பெயர்ந்தவர்கள், வெளிநாடு போனவர்கள், செத்துப் போனவர்கள் எல்லோரும் பழைய இடாப்பில் பெயராக நின்றார்கள். ஆகவே 1.21 வீதம் என்பதை "நூற்றில் ஒருவர்தான் போனார்" என்று அப்படியே எடுக்கக் கூடாது, மண்ணில் இருந்தவர்களை வைத்துப் பார்த்தால் வீதம் சற்றுக் கூடும். 57 வீதத்தை எட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கும் அதுவே காரணம்.

வன்னியையும் மட்டக்களப்பையும் சேர்த்தால் கதை வேறு. வன்னியில் 34.30 வீதம், மட்டக்களப்பில் 48.51 வீதம்தான் வாக்களித்தார்கள். இரண்டு இடத்திலும் ரணில் முக்கால்வாசிக்கு மேல் எடுத்தார். மூன்று மாவட்டமும் வழமைபோல வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்பதே எங்களுடைய கணிப்பு. யாழ்ப்பாணம் மட்டும் மாற்றியிருக்கும் என்பதற்குக் கணக்கு இடம் தராது.

[திரை: வரைபடம். முகமாலை]

புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிக்குள் அன்று வாக்குச்சாவடி கிடையாது. அங்கிருந்த சனம் முகமாலை போன்ற இடங்களைக் கடந்து, அரச கட்டுப்பாட்டுப் பகுதியில் போட்டிருந்த கொத்தணி வாக்குச்சாவடிக்கு (பல சாவடிகளை ஒரே இடத்தில் சேர்த்தது) வந்துதான் வாக்களிக்க வேண்டும். இந்தத் தேர்தலில் தமிழருக்கு அக்கறை இல்லை என்று புலிகள் அறிவித்த பிறகு அந்தப் பாதையால் யார் வருவார்கள்? குடாநாட்டுக்குள்ளும் பயம் இருந்தது. சிலர் மனதார ஒதுங்கினார்கள், பலர் பயத்தில் கதவைச் சாத்தினார்கள். எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று ஒரு வாக்குப்பெட்டியும் சொல்லாது. புறக்கணிப்புக்குப் பின்னால் பணம் கைமாறியது என்ற குற்றச்சாட்டும் பிறகு எழுந்தது. எந்த நீதிமன்றமும் அதை நிரூபணமான உண்மையாகத் தீர்ப்பளித்ததில்லை.

ஆகவே 2005 இல் பிழையானது எண்ணிக்கை அல்ல. பெட்டிக்குள் வராத வாக்கை எந்த மறு எண்ணிக்கையும் திருப்பித் தராது. இந்தக் கோபம் ஆறாமல் கிடப்பதற்கு அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறோம்.

2010 இல் எழுந்தது வேறு வகையான சந்தேகம். மகிந்தவுக்கு 6,015,934, சரத் பொன்சேகாவுக்கு 4,173,185. கணினியில் இலக்கங்களை மாற்றிவிட்டார்கள் என்று பொன்சேகா தரப்பு சொன்னது. உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் "கணினி மோசடி" என்ற சொல் ஒவ்வொரு தேர்தலிலும் திரும்பி வருகிறது. இந்தச் சந்தேகத்தை மட்டும் கடதாசியை வைத்துச் சோதிக்கலாம்.

[திரை: வாக்கெண்ணும் மண்டபம், மேசைகள்]

காலையில் வெறும் பெட்டியை வேட்பாளர்களின் முகவர்களுக்குத் திறந்து காட்டி முத்திரை வைப்பார்கள். வாக்களிப்பு முடிந்ததும் தலைமை தாங்கும் அலுவலர் வாக்குச்சீட்டுக் கணக்கு எழுதுவார்: எத்தனை சீட்டு வந்தது, எத்தனை கொடுக்கப்பட்டது, எத்தனை பழுதானது, எத்தனை மிஞ்சியது. எண்ணும் நிலையத்தில், யாழ்ப்பாணம் என்றால் மத்திய கல்லூரியில், யாருக்குப் போட்டது என்று பார்க்காமல் முதலில் சீட்டின் தொகையை எண்ணி அந்தக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். பிறகு பல சாவடிகளின் சீட்டுகளைக் கலப்பார்கள். எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று வெளியே தெரியக் கூடாது என்பதற்காக. எங்களைப் போன்ற இடத்தில் அது பெரிய பாதுகாப்பு. அதன் பிறகுதான் வேட்பாளர் வாரியாகப் பிரிப்பது.

முகவர் செய்யவேண்டியது ஒன்றுதான். மண்டபத்தில் வாசிக்கப்படும் ஒவ்வொரு தொகையையும், நிராகரிக்கப்பட்ட சீட்டுகளின் தொகையையும் கையால் எழுதி வைப்பது. ஒரு தொகுதியின் மண்டபத் தொகைகளைக் கூட்டினால் தேர்தல் ஆணைக்குழு அறிவிக்கும் தொகுதி முடிவு வரவேண்டும். வராவிட்டால் கையில் ஆதாரம் இருக்கிறது. நாட்டில் 160 தொகுதிகள். எல்லா முகவருடைய கடதாசியும் ஒத்துப்போகும்போது கொழும்புக் கணினியில் மட்டும் 18 இலட்சம் வாக்கு வித்தியாசத்தை உருவாக்க வழியில்லை. நடைமுறையில் நடப்பது வேறு. சாமம் தாண்டியதும் முகவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அல்லது குறிப்பை எறிந்துவிடுவார்கள். வழக்குக்குப் போகும்போது கையில் ஒன்றும் இராது.

வழக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். 1981 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல் சட்டப்படி, முடிவு வெளியிடப்பட்டு 21 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடவேண்டும். குறைந்தது ஐந்து நீதியரசர்கள் கேட்பார்கள். மிரட்டல் நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அதனால் பெரும்பான்மை வாக்காளர்கள் தாங்கள் விரும்பியவரைத் தெரிய முடியாமற் போனார்கள், அல்லது போயிருக்கக்கூடும் என்றும் காட்டவேண்டும். 1988 தேர்தல் ஜேவிபியின் வன்முறைக்கு நடுவே நடந்தது. அதை எதிர்த்து சிறிமாவோ பண்டாரநாயக்க போட்ட மனு 1992 இல் தள்ளுபடியானது. அதற்குள் பிரேமதாச தன் பதவிக்காலத்தில் பாதிக்கு மேல் கடந்திருந்தார். இவ்வளவு பிந்தி வரும் தீர்ப்பு யாருடைய கோபத்தை ஆற்றும்? இந்தச் சட்டத்தில் நாங்கள் காணும் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

[திரை: 2024 வாக்குச்சீட்டு மாதிரி]

2024 இல் முதல் முறையாக இரண்டாம் கட்டம் வரை போனது. அனுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் பிரேமதாச 32.76 வீதம். விலக்கப்பட்டவர்களிடம் 33 இலட்சத்துக்கு மேல் வாக்குகள் இருந்தும், அவற்றிலிருந்து இருவருக்கும் சேர்ந்தவை 273,131 மட்டுமே. யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் 116,688 வாக்கு எடுத்தார். அவருக்கு 1 போட்டவர் 2 ஐயும் போட்டிருந்தால், எதிர்ப்பும் பதிவாகியிருக்கும், கடைசித் தெரிவிலும் பங்கு இருந்திருக்கும். 2005 இல் இருந்த அதே சட்டம்தான் இது. அப்போது இங்கே யாரும் அதைப் பயன்படுத்தும் நிலையில் இருக்கவில்லை.

சீட்டில் ஒரு புள்ளடி (X) மட்டும் போட்டால் முதல் விருப்பாக எண்ணப்படும். இருவருக்குப் புள்ளடி போட்டாலோ, 1 இல்லாமல் 2 மட்டும் எழுதினாலோ அது நிராகரிக்கப்படும். 2024 இல் நாடு முழுவதும் 300,300 சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன. தேத்தண்ணிக் கடை வாக்குவாதத்துக்குக் காரணமான 2005 இன் 180,786 ஐ விட இது கூடிய தொகை.