எந்த வண்டிக்கு எந்த இன்ஜின்

நேயர்களுக்கு வணக்கம். தேனி மாவட்டம் கம்பத்தில் வண்டிப் பட்டறை வைத்திருப்பவன் நான். பட்டறைக்கு வரும் இளைஞர்கள் இன்ஜினைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, இது எத்தனை ஹெச்பி?" இப்படிக் குதிரைத்திறனைக் கேட்பதோடு நின்றுவிடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம். எந்த வண்டியில், என்ன பாரத்தோடு, எந்த ரோட்டில் என்றும் கேட்க வேண்டும்.

விடிவதற்கு முன்பே ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறும் ஜீப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1979-இல் மஹிந்திரா, பிரான்சின் பெஜோ கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு 2112 சிசி டீசல் இன்ஜினைக் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்த பழைய டீசல்களை ஹெச்பி கணக்கில் இன்றைய பல சின்னக் கார்கள் தாண்டிவிடும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து, நிறைபாரத்தோடு நின்று, மறுபடி கிளம்ப வேண்டும் என்றால் அந்த டீசல்தான் முனகிக்கொண்டே ஏறும். காரணம், அதன் புல்லிங், அதாவது இழுவை, கீழ் ஆர்பிஎம்மிலேயே, இன்ஜின் நிமிடத்துக்குக் குறைந்த சுற்று சுற்றும்போதே வந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிர், 1999-இல் ஹோண்டா கொண்டுவந்த எஸ்2000 என்ற கார். இரண்டே லிட்டர், டர்போ கிடையாது, ஜப்பான் மாடலில் 250 குதிரைத்திறன். அபாரமான இன்ஜின்! ஆனால் அதன் முழு இழுவை கிடைப்பது 7500 ஆர்பிஎம்மில். இரண்டு பேர் உட்காரும், எடை குறைந்த கார் என்பதால் அது பொருந்தியது. ரேக்ளாவில் பறக்கிற மாட்டைக் கொண்டுவந்து சேற்று உழவில் பூட்டினால் என்ன ஆகும்? மாட்டின் மேல் குறை சொல்ல முடியாதே.

இப்படித்தான் ஒரு தம்பி, பெரிய ஜீப்பில் கார் பெட்ரோல் இன்ஜின் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். நல்ல இன்ஜின், வேலையும் சுத்தம். சின்னமனூர் ரோட்டில் ஓட்டிக் காட்டினார், அருமையான பிக்கப். "சரி தம்பி, நாலு மூட்டை ஏற்றி, ஆளும் ஏற்றி மேட்டுக்குப் போவோம்" என்றேன். முதல் வளைவு தாண்டியது. அடுத்த வளைவில் லாரிக்கு ஒதுங்கி நின்றோம். கிளட்சை விட்டால் இன்ஜின் அணைகிறது. ஆக்சிலேட்டரை மிதித்துப் பாதிக் கிளட்சில் இழுத்தால் வண்டி நகர்கிறது. கொஞ்ச நேரத்தில் கிளட்ச் பிளேட் கருகும் வாடை வண்டிக்குள் ஏறிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இறங்கி நடக்கிறோம்ப்பா" என்று சொல்லிவிட்டார்.

இன்ஜினில் குறையே இல்லை, திரும்பவும் சொல்கிறேன். பழைய டீசலுக்கு அமைத்த கிரவுன் பினியனை, அதாவது அச்சில் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடியை, அப்படியே விட்டிருந்தார். பல் கணக்கை மாற்றியிருந்தால் மேடு ஏறியிருக்கும். ஆனால் அப்போது தேனி ரோட்டில் மூன்றாவது கியரில் போகிற மாதிரி கத்திக்கொண்டே ஓடும். அந்த ஜீப்புக்கு அது ஏற்ற இன்ஜின் இல்லை, அவ்வளவுதான்.

அதற்காகப் பெரிய இன்ஜினே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெசா காரை நினைவிருக்கிறதா? இங்கிலாந்து வாக்ஸால் விக்டரின் உடம்பு. 1984-இல் வந்தபோது அம்பாசடரில் இருந்த அதே 1489 சிசி இன்ஜின், 50 ஹெச்பி சொச்சம். பார்க்க ராஜா மாதிரி இருக்கும், குமுளி மலையில் மூச்சு வாங்கும். பிறகு ஜப்பான் கம்பெனி இசுசுவின் 1817 சிசி இன்ஜின் வந்தது. கூடவே ஐந்து கியர் பாக்ஸும் வந்தது, அதைக் கவனிக்க வேண்டும். அதே கார் வேறு காராகிவிட்டது. அந்த உடம்பு ஆரம்பத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த இன்ஜின் அது.

1961-இல் வந்த மினி கூப்பர் என்ற இங்கிலாந்தின் குட்டிக் காரும் அப்படித்தான். சாதாரண மினிக்கு 34 குதிரைத்திறன், கூப்பருக்கு 55. கூட்டியது அவ்வளவே. ஆனால் கூடின வேகத்தை அடக்க முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் போட்டார்கள். 1964-இல் பெரிய கார்களோடு மோதி அந்தக் கூப்பர் வகை மான்டி கார்லோ ராலி என்ற கார் பந்தயத்தை ஜெயித்தது.

பிரேக்கைப் பற்றியும் ரேடியேட்டரைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் மாற்றுவதென்றால் முதலில் ஆர்டிஓ அனுமதி, அப்புறம் ஆர்சி புத்தகத்தில் பதிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது. குமுளி செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினால் இன்ஜின் நம்பரும் ஆர்சியும் ஒத்துப்போக வேண்டும். நன்றி, வணக்கம்.