ஒரு வகுப்பு, இரண்டு மிஸ்

(மதுரையில், மழலையர் பள்ளி ஆசிரியைகள் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மைக் முன்னால் நின்று பழக்கமில்லை. பாயில் உட்கார்ந்து இருபத்துநாலு பிள்ளைகளோடு பேசித்தான் பழக்கம். அதனால் நடுவில் யாராவது சுண்டுவிரலைத் தூக்கினாலும் தவறாக நினைக்க மாட்டேன்.

செல்லூரில் ஒரே அறையில் இரண்டு பேர் வகுப்பு நடத்துகிறோம். பிள்ளைகளுக்கு நான் ‘குட்டை மிஸ்’, அவர் ‘நெட்டை மிஸ்’. இரண்டு பேர் இருந்தால் வேலை பாதியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன்.

நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில், ஒரு ஜூன் மாதம். அழுகைச் சத்தத்தில் காது அடைத்துப்போயிருந்த முதல் வாரம். கதை முடிந்து மணல் விளையாட்டுக்குப் போகிற நேரம். நான் பாய் சுருட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளை அங்கே என்னோடு இருந்த மிஸ் பார்த்துக்கொள்வார் என்று நானும், நான் பார்த்துக்கொள்வேன் என்று அவரும் இருந்துவிட்டோம். எதிரே பூக்கட்டும் அம்மா, “டீச்சரம்மா, இது உங்க பிள்ளைதானா?” என்று ஒரு வாண்டைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்டோ வரும் என்று கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறான். நான் தனியாக இருந்திருந்தால் கட்டாயம் எண்ணிப் பார்த்திருப்பேன்.

அன்றைக்குக் கால அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். 9.30 பாட்டு, 10.00 கதை, 10.30 ஸ்நாக்ஸ். பாட்டுக்கும் கதைக்கும் நடுவில் என்ன நடக்கும் என்று ஒரு வரி இல்லை. எங்கள் பாடெல்லாம் அந்த நடுவில்தான். இப்போது நாங்கள் எழுதுவது அந்த இடைவெளிகளைத்தான்: யார் முன்னால் நடப்பது, யார் கடைசியில் எண்ணுவது. வாய்விட்டுச் சொல்லியும் ஒப்படைப்போம். “அக்கா, ஆறு பேர் என்கிட்ட, பதினெட்டு உங்ககிட்ட.”

ஏன் ஆறு? பாத்ரூம் கணக்கு அது. பிள்ளைக்கு இரண்டு நிமிடம் என்றாலும் இருபத்துநாலு பேருக்கு 48 நிமிடம். வரிசையில் நிற்க வைத்தால் கிள்ளல், தள்ளல், கடி. ஆறு ஆறாக ஒருவர் கூட்டிப்போக, மற்றவர் கதை சொல்லிக்கொண்டே இருந்தால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

அங்கன்வாடிகளிலும் பணியாளர், உதவியாளர் என்று இருவர் உண்டு. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய திட்டம். ஆனால் அங்கே ஒருவர் கண் அடுப்பில், மற்றவர் கண் எடைப் பதிவேட்டில். நமக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

சரி, அட்டவணையை வளைக்கவும் இரண்டு பேர் வேண்டும். போன சித்திரைத் திருவிழாவுக்கு அப்புறம், பள்ளி திறந்த நாட்களில், மணல்தொட்டி வைகையாகிவிட்டது. கவிழ்த்த நாற்காலி தங்கக் குதிரை. அழகருக்கு என்ன நிறப் பட்டு என்று ஒரே சண்டை. ‘பச்சைதான்! பச்சை கட்டினா வயல் நல்லா விளையும்னு அப்பத்தா சொல்லுச்சு’ என்று ஒருத்தி தன் துண்டையே கொண்டுவந்து போர்த்திவிட்டாள். 10.45-க்கு எண் பாடம். நெட்டை மிஸ் மணியைக் கையில் எடுத்துவிட்டார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் விளையாட்டில் சேராத ஏழு பேரைக் களிமண்ணோடு உள்ளே கூட்டிப்போனார். நான் நாற்பது நிமிடம் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

1939-இல் இந்தியா வந்த மாண்டிசோரி அம்மையார், உலகப்போர்க் காலத்தில் நம் பக்கத்துக் கொடைக்கானலில் தங்கி, பிள்ளைகளோடு வேலை செய்திருக்கிறார். மும்முரமாக இருக்கும் குழந்தையின் நடுவே புகாதே என்பது அவர் அழுத்திச் சொன்ன விஷயம். தனி ஆளாக அதைக் கடைப்பிடிப்பது சிரமம். மற்ற ஏழு பேர் சும்மா இருப்பார்களா?

ஒரு குறை இன்னும் தீரவில்லை. நாங்கள் இருவரும் பேசிக்கொள்ள நேரம் யாரும் ஒதுக்குவதில்லை. 12.30-க்குக் கடைசி ஆட்டோ போனபின், மணலைப் பெருக்கிக்கொண்டே பேசுகிற பத்து நிமிடம்தான்.

பிள்ளைகளுக்கு மணி பார்க்கத் தெரியாது. அதனால் சுவரில் கயிறு கட்டி, கிளிப்பில் படங்கள்: பாய், டம்ளர், மணல், புத்தகம், கடைசியில் ஆட்டோ. போன வாரம் ஒருவன் முக்காலி போட்டு ஏறி, ஆட்டோவைக் கழற்றிப் பாய்க்கு முன்னால் மாட்டிவிட்டான். அப்புறம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். மணி 9.40.