ஸ்டார் கட்டினா பாவமா? கிறிஸ்துமஸ் பத்தி ஒரு சகோதரியோட சந்தேகம்

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க, படிக்கிறேன். "பாஸ்டர், எங்க வீட்டுக்காரரோட அண்ணன் இப்ப வேற சபைக்குப் போறாரு. டிசம்பர் 25 சூரிய சாமியோட பண்டிகை, வேதத்துல அந்தத் தேதியே இல்ல, ஸ்டார் கட்டறதும் பலகாரம் சுடறதும் பாவம்னு சொல்லிட்டாரு. மாமியார் பயந்துபோய், வாசல்ல கட்டின ஸ்டாரை அவுத்துட்டாங்க. பிள்ளைங்க ஒரே அழுகை. நாங்க கொண்டாடலாமா, கூடாதா?"

கொண்டாடலாம் சகோதரி, தாராளமா. மொதல்ல ஸ்டாரை எடுத்துக் கட்டுங்க, மீதியை அப்புறம் கேளுங்க.

அண்ணன் சொன்னதுல பாதி சரிதான். தேதி வேதத்துல இல்ல. இதை நாம ஒளிக்கவும் வேண்டாம். ரோமாபுரியில 354ஆம் வருஷம் எழுதின நாள்காட்டித் தொகுப்பு ஒண்ணு இருக்கு. டிசம்பர் 25ல கிறிஸ்து பெத்லகேம்ல பிறந்தார்னு அதுல எழுதியிருக்கு. அதே தேதியில சூரியனுக்கான விழாக் குறிப்பும் அதே தொகுப்புலதான் இருக்கு. யாரைப் பார்த்து யாரு வெச்சாங்கன்னு படிச்சவங்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரல. ஆண்டவர் கருவான நாளும் மரிச்ச நாளும் மார்ச் 25னு ஆதி சபையில சிலர் கணக்குப் போட்டிருக்காங்க. ஒன்பது மாசம் கூட்டிப் பாருங்க, டிசம்பர் 25 வரும். அப்படித்தான் தேதி வந்துச்சுன்னு ஒரு சாரார் சொல்றாங்க. ஆர்மீனியச் சபைக்கு ஜனவரி 6. தேதிதான் விசுவாசம்னா அவங்களை எங்க வைக்கிறது?

அண்ணன் புதுசா ஒண்ணும் சொல்லல. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல 1659ல கிறிஸ்துமஸ் கொண்டாடினா அஞ்சு ஷில்லிங் அபராதம்னு சட்டமே போட்டாங்க, அதுவும் பக்தியுள்ள கிறிஸ்தவங்க. 1681ல எடுத்துட்டாங்க. இங்கயும் சில பேர் கிறிஸ்துமஸ் கூடாதுன்னு பிரசங்கம் பண்ணுவாங்க, சொந்தப் பிறந்தநாளைக்கு மட்டும் ரெண்டு அடுக்கு கேக். சரி, அதை விடுங்க.

கட்டளை இல்லாத பண்டிகையைக் கொண்டாடலாமான்னுதானே பயம்? யோவான் 10:22 எடுத்துப் பாருங்க. தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை வருது, அப்ப இயேசு தேவாலயத்துலதான் உலாவிக்கிட்டு இருக்காரு. அந்தப் பண்டிகை மோசேயோட நியாயப்பிரமாணத்துல கிடையாது. ரொம்ப பின்னால, மக்கபேயர்ங்கிற யூத வீரர்கள் காலத்துல வந்தது. "இதை யாரு உங்களுக்குச் சொன்னா"ன்னு அவர் ஒருத்தரையும் விரட்டல.

இப்ப நெகேமியா 8:10. இதைக் கொஞ்சம் நிதானமா பாப்போம். ஜனங்க நியாயப்பிரமாணத்தைக் கேட்டு அழுவுறாங்க. அவங்ககிட்ட என்ன சொல்லப்படுது? "நீங்கள் போய்க் கொழுமையானதைப் புசித்து, மதுரமானதைக் குடித்து, ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள்." அப்புறம்தான் "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்"னு வருது. நாம கடைசி வரியை மட்டும் பிரேம் போட்டு சுவத்துல மாட்டிட்டோம். முன்னால இருக்கிற சாப்பாடு, பங்கு ரெண்டும் காணோம்.

அந்தப் பங்கு யாருக்குப் போகணும்? நம்ம தோட்டத்துல அன்னிக்கு பால்மரம் வெட்டினது நம்ம பாட்டிங்க. இன்னிக்கு செம்பனைக் குலை வெட்டறது யாரு? வங்காளதேசத் தம்பிங்க, இந்தோனேசியாக்காரங்க. பண்டிகை நாள்லயும் கொங்சியில, அதான் அவங்க கூட்டமா தங்கற கொட்டகையில, சோறும் கருவாடும்தான். நீங்க சுடற முறுக்குல ஒரு டப்பா அங்க போகட்டும். முஸ்லிம் பிள்ளைங்களா இருந்தா ஹலால் முத்திரை பாத்து கேக் வாங்கிக் கொடுங்க. அவங்க மனசுல சந்தேகமில்லாம சாப்பிடணும். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு அக்கா தட்டு நிறைய பலகாரம் அனுப்பியிருப்பாங்க. அந்தத் தட்டு வெறுமையா திரும்பலாமா? "எல்லா ஜனத்துக்கும் மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி"ன்னுதான் தேவதூதன் மேய்ப்பர்கள்கிட்ட சொன்னான். எல்லா ஜனத்துக்கும்னா நம்ம சபை மெம்பர் லிஸ்ட்டுக்கு மட்டும் இல்ல.

லயத்துல கேரல் வந்தா பாருங்க. மழை விட்ட ஈரம், முட்டியளவு சேறு தெறிச்ச வெள்ளைப் பேண்ட்டு, நரம்பு ஒண்ணு அறுந்த கிட்டார், நாயெல்லாம் குரைக்குது. ராத்திரி ஒரு மணிக்கு ஒரு வீட்டம்மா எழுந்து அத்தனை பேருக்கும் கோப்பி கலக்குறாங்க. இதைப் பாவம்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா கடன் வாங்கி எல்லாருக்கும் ரெண்டு செட்டு துணி, ஆம்பளைங்க கூடி தண்ணி, இதுக்கெல்லாம் கிறிஸ்துமஸ்னு பேர் வைக்காதீங்க. பொங்கச் சோறும் கோழிக்கறியும் போதும்.

அண்ணன்கூட சண்டை வேண்டாம். நாளை விசேஷமா எண்றவன் கர்த்தருக்குன்னு எண்றான், எண்ணாதவனும் கர்த்தருக்குன்னு எண்ணாம இருக்கான்னு ரோமர் 14ல பவுல் சொல்றாரு. அவர் மனசாட்சிக்கு அவர் நிக்கட்டும், உங்க பிள்ளைங்களை மட்டும் மிரட்ட வேண்டாம்னு வீட்டுக்காரரை விட்டுப் பேசச் சொல்லுங்க. நீங்க பேசினா வேற மாதிரி ஆயிடும். 25ஆம் தேதி அவர் வந்தா, "வாங்க, சாப்பிடுங்க"ன்னு ஒரு இலை போடுங்க. கிறிஸ்துமஸ் சாப்பாடுன்னு சொல்லவேண்டாம், நல்லாவே சாப்பிடுவாரு.

அடுத்து, ஒரு தம்பி ஞானஸ்நானம் பத்திக் கேட்டிருக்காரு.