கழற்றிய பேடைக் காட்டச் சொல்லுங்கள்

வணக்கம் நேயர்களே. பிரேக்கை மிதித்தால் கரகரவென்று சத்தம் வருகிறது என்று சேலத்தில் என் பட்டறைக்கு அடிக்கடி வண்டிகள் வரும். பெரும்பாலும் ஏழு பேர் உட்காரும் குடும்ப எஸ்யூவிகள். ஏற்காட்டுக்குப் போய்வந்த மறுநாள் காலையில் வாசலில் நிற்கும். ஆட்கள், பெட்டி, தண்ணீர் கேன் எல்லாம் சேர்ந்தால் இரண்டு டன்னைத் தாண்டும். இறங்கும் வழியிலோ 20 கொண்டை ஊசி வளைவுகள். அவ்வளவு எடையையும் பெரும்பாலும் முன்சக்கர பிரேக் பேட்கள்தான், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இரு பக்கமும் கவ்வும் கட்டைகள்தான், பிடித்து நிறுத்துகின்றன. புதுப் பேடில் தேயும் பகுதி 10, 12 மில்லிமீட்டர் இருக்கும். அது 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

முதலில் சத்தத்தைக் கேட்கப் பழகுங்கள். ஏசியையும் பாட்டையும் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மதில் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். இரவெல்லாம் மழையில் நின்ற வண்டி காலையில் நாலைந்து மிதிக்கு உரசும், அப்புறம் அடங்கிவிடும். அது டிஸ்க்கில் படிந்த துரு, பயப்பட வேண்டாம். கீச்சென்று மெல்லிய சத்தம் வந்தால், பேட் தேய்ந்துவிட்டது என்று சொல்வதற்காகவே அதில் வைத்திருக்கும் சின்னத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது. அந்தக் கட்டத்தில் வந்தால் செலவு குறைவு. அதையும் விட்டு, கரகரவென்று இரும்பை இரும்பு அரைக்கிற சத்தம் வந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். பிரேக்கே மிதிக்காமல் கரகரத்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவே சரளைக்கல் மாட்டியிருக்கலாம். வேகம் கூடக்கூட ஊய்ங்கென்று ஏறி, வளைவில் மாறுகிற சத்தம் என்றால் வீல் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு குடும்பம், பெரியவர்கள் குழந்தைகள் எல்லோருமாக மலைக்குக் கிளம்பினார்கள். லேசான கீச்சுச் சத்தம் இருக்கிறதே என்று கிளம்பும் முன் ஒரு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். அங்கே சக்கரத்தைக் கழற்றவில்லை. அலாய் வீல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்து, பேட் நல்லா இருக்கு சார், தாராளமாகப் போய்வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இறங்கும்போது கீழ் வளைவுகளில் கரகரவென்று ஆரம்பித்திருக்கிறது. ஓட்டிவந்தவர் புத்திசாலி, இரண்டாம் கியரிலேயே இறக்கிக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். வலது முன்சக்கரத்தில் தீய்ந்த வாடை அடித்தது.

கழற்றினேன். வெளிப் பேட் 7 மில்லிமீட்டர் இருக்கிறது. டார்ச்சில் தெரிந்தது அதுதான். உள் பேடில் ஒன்றுமே இல்லை. பேடின் முதுகிலுள்ள இரும்புத் தகடு டிஸ்க்கை உழுது வைத்திருக்கிறது, நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிறது.

ஒரே சக்கரத்தில் ஒன்று நன்றாகவும் மற்றொன்று மொட்டையாகவும் எப்படி இருக்கும்? கேலிப்பர் என்கிற பிடி ‘பின்’ என்கிற இரண்டு இரும்புக் கம்பிகளின் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். பிஸ்டன் உள் பக்கத்தில்தான் இருக்கிறது. அது உள் பேடைத் தள்ளும். அந்த விசையில் கேலிப்பர் நகர்ந்து வெளிப் பேடையும் இழுத்து அழுத்தும். அந்தப் பின் இறுகிவிட்டால் கேலிப்பர் நகராது, வேலை பூராவும் உள் பேடின் தலையில் விழும். இந்த வண்டியில் கீழ்ப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் போய், கிரீஸ் கரைந்து, துரு ஏறியிருந்தது. பேடை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் புதுப் பேடும் அதே கதியாகியிருக்கும். பின்னைச் சுத்தம் செய்து, புது உறை போட்டு, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் தடவினேன். கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். டிஸ்க் எந்தக் கனம் வரை தேயலாம் என்பது பொதுவாக அதிலேயே பொறித்திருக்கும். அளந்தால் அதற்குக் கீழே இருந்தது. இடது பக்கம் நல்லாத்தானே இருக்கு என்று ஓட்டிவந்தவர் கேட்டார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அதனால் பேடும் டிஸ்க்கும் ஜோடியாகத்தான் மாற்றுவோம் என்று விளக்கினேன், ஒப்புக்கொண்டார்.

அதனால்தான் எங்கே போனாலும் சொல்கிறேன், கழற்றிய பேட்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நாலையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். உள் பேடை முக்கியமாகப் பாருங்கள். கனம் ஒன்றுபோல் தேய்ந்திருந்தால் சரி, இல்லையென்றால் ஏன் என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் பிள்ளைகள் உட்காருகிற வண்டி, கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

வீட்டிலேயே செய்கிறவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள், ஸ்டாண்ட் கொடுங்கள், மற்ற சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். கேலிப்பரைப் பிரேக் ஹோஸில், அதாவது பிரேக் ஆயில் போகும் குழாயில், தொங்கவிடக் கூடாது, கம்பியில் கட்டுங்கள். எல்லாம் மாட்டியதும், வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. இன்னொரு முறை சொல்கிறேன், நகர்த்துவதற்கு முன் மிதியுங்கள்.

பின்சக்கர டிரம் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாக, ஹேண்ட் பிரேக்கை முன்னைவிட அதிகம் இழுக்க வேண்டியிருந்தால் பின்சக்கர டிரம்முக்குள் தேயும் லைனரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதன் மட்டம் இறங்கினால், ஊற்றி நிரப்புவதற்கு முன் பேடையும் கசிவையும் பாருங்கள். புதுப் பேட் போட்ட முதல் 200, 300 கிலோமீட்டருக்கு முடிந்தவரை திடீர் பிரேக் வேண்டாம். நன்றி, வணக்கம்.